பாகு காய்ச்சிய டாங்க்

பழப்பாகும் சாஸும் தயாரித்த அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு மாற்றப்போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்த அன்று, சாப்பாட்டு அறையில் எல்லோரும் அடுத்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சோதிலிங்கம் மட்டும் மூன்றாம் நம்பர் டாங்கைப் பற்றிப் பேசினார்.

“அதை இவங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக மாட்டாங்கள், தம்பி. பழசு, சின்னது. ஸ்கிராப்புக்குத்தான் போடுவாங்கள். நாங்கள் எடுப்பம்,” என்றார் வெற்றியிடம்.

சோதிலிங்கம் அங்கே வெல்டர். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். வெற்றி பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியன். நாமக்கல்லிலிருந்து வந்தவன், அவரைவிடப் பதினைந்து வயதுக்கு மேல் இளையவன். நகரத்தின் தெற்குப் புறநகரான மனுரேவாவில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தக் கட்டடத்தில் தமிழில் பேசிக்கொள்ள இவர்கள் இரண்டு பேர்தான்.

மூன்றாம் நம்பர் டாங்க் முந்நூறு லிட்டர் கொள்ளும். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அடி கூம்பு, சுற்றிலும் வெந்நீர் ஓட இரட்டைச் சுவர். பெரிய டாங்க் வந்த பிறகு அதை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இரண்டு வருடமாகச் சுவரோரம் தூசி பிடித்து நின்றது. வீட்டில் பியர் காய்ச்சுகிறவனுக்கு அதைவிடத் தோதான பாத்திரம் கிடைக்காது. மேனேஜரும் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை ஸ்கிராப்காரன் வந்து அள்ளிக்கொள்வான் என்று சொல்லிவிட்டார்.

பியர் காய்ச்சும் வேலையை அந்த வீட்டில் தொடங்கியது சோதிலிங்கம் அல்ல, அவருடைய ஒரே மகன் ஆரணன். படிப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் வருடம் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றும் குழாயும் வாங்கிவந்து, நகரத்தின் மறுகோடியில் கிளென் ஈடனில் இருந்த வீட்டு கராஜில் ஆரம்பித்தான். அப்பாவுக்கு அதில் அக்கறை இல்லை. கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் குடிப்பார், அவ்வளவுதான். மழை கொட்டிய ஒரு காலையில் ஆரணன் வேலைக்குப் போகும் வழியில், மோட்டார்வேயில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி இறந்துபோனான். அவனுக்கு இருபத்துநாலு வயது.

காரியம் முடிந்து, மெல்பர்னிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த உறவினர்கள் திரும்பிப் போன பிறகு, சோதிலிங்கம் மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைக்க கராஜுக்குப் போனார். மூலையிலிருந்து ‘களுக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வாளியின் மூடியில் செருகியிருந்த சின்னக் கண்ணாடிக் குழாய் வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மகன் ஊற்றி வைத்துவிட்டுப் போன பியர் இன்னும் நொதித்து முடியவில்லை.

அதைக் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. யூட்யூபில் பார்த்துப் பார்த்து போத்தல்களில் அடைத்தார். பிறகு தானே ஒரு வாளி காய்ச்சினார். லீவு முடிந்து வேலைக்கு வந்ததும், சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றைப் பற்றி வெற்றியிடம் கேட்டார். அப்படித்தான் வெற்றி இதில் சேர்ந்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தான் குடியிருந்த தகனினியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நகரத்தின் அந்தக் கோடிக்குப் போவான். இடித்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். வடித்ததைக் கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ஆறவிட்டு ஈஸ்ட் தூவி மூடுவார்கள். ஒரு முழுநாள் வேலை. சோதிலிங்கம் அதிகம் பேசமாட்டார். ஆரணன் பெயரை இருவரும் எடுத்ததே இல்லை. எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வெற்றி நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாளி இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. முதலிலெல்லாம் சோதிலிங்கம் தயாரான போத்தலை ருசி பார்த்து ஏதாவது குறை சொல்லி மூடி வைத்துவிடுவார். பிறகு மூடி வைப்பது நின்றது. திங்கட்கிழமைக் காலைகளில் வெல்டிங் முகமூடிக்குள்ளிருந்து முந்தின இரவின் வாசனை வரும். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தால் வெற்றி ஏதாவது சாக்குச் சொல்லி அவரை வேறு பக்கம் அனுப்பிவிடுவான்.

டாங்க் கராஜுக்குள் நுழையுமா என்று அளந்து பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றியை வரச்சொன்னார் சோதிலிங்கம். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த தெளிவை வெற்றி அதற்கு முன்பு பார்த்ததில்லை.

“இஞ்ச பாரும், கதவைக் கழட்டினால் காணும், உள்ளுக்கு வந்திடும். கால் மூண்டையும் ஒரு சாண் வெட்டிக் குறைப்பன். கேஸ்கெட் எல்லாம் புதுசு போட வேணும். பழைய ரப்பரில பாகு மணம் இருக்கும். தண்ணி வெளியில போக இதால ஒரு குழாய்.” தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, நடுவில் நின்று கையை அகல விரித்துக் காட்டினார். “என்ன சொல்லுறீர்?”

“உள்ள சுத்தமாக் கழுவணும்ணே. வெல்டிங்கெல்லாம் எப்படி இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும். இத்தனை வருஷமா அதுல என்னென்ன ஊத்துனாங்கன்னும் தெரியணும்.”

“பாகைத் தவிர என்னத்தை ஊத்தினவங்கள்? எண்டாலும் நீர் ஒருக்கா வடிவாப் பாரும். நீர் சரியெண்டால் எடுப்பம். இல்லையெண்டால் விடுவம்.”

அப்படித்தான் அந்த முடிவு வெற்றியின் கைக்கு வந்தது.

அவன் கிளம்பும்போது சோதிலிங்கத்தின் மனைவி ரத்னா கார்வரைக்கும் வந்தாள். கிளென் ஈடனில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து உடைகூட மாற்றியிருக்கவில்லை.

“தம்பி, உங்களோட ஒரு கதை. அவருக்கு முன்னால கதைக்கேலாது.” வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அந்த டாங்க் இஞ்ச வரக்கூடாது.”

வெற்றி திறந்த கார்க் கதவை மறுபடி சாத்தினான்.

“போன கிழமை பக்கத்து வீட்டுக்காரன்ட லெட்டர் பாக்ஸை இடிச்சுப்போட்டார். விடியக்காலமை, வேலைக்கு வெளிக்கிடேக்கை. ராவு குடிச்சது இறங்கேல்ல. அண்டைக்கே புதுசு செய்து நட்டுக் குடுத்திட்டார். அந்த மனிசனும் ஒண்டும் சொல்லேல்ல. அந்த இடத்தில ஒரு பிள்ளை நிண்டிருந்தால்?” அவள் குரல் உயரவில்லை. “ஒருத்தனைக் காரில குடுத்திட்டன், தம்பி. இன்னொருத்தரையும் குடுக்கேலாது. வேற ஒரு தாயின்ர பிள்ளையை எடுக்கவும் ஏலாது.”

“நீங்க சொல்லிப் பாத்தீங்களாக்கா?”

“நான் வாயைத் திறந்தாலே எழும்பி கராஜுக்குப் போயிடுவார். வாளிக்கே இப்பிடியெண்டால் முந்நூறு லிட்டர் வந்தால் என்ன நடக்கும்? அது பழுது, விஷம், எடுக்கேலாது எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் விட்டிடுவார்.”

“அவர் வெல்டர்க்கா. உள்ள எட்டிப் பாத்தாலே தெரிஞ்சிரும்.”

“தன்ர கண்ணை நம்பமாட்டார், உங்களைத்தான் நம்புவார்,” என்றாள் ரத்னா. “எனக்காகக் கேக்கேல்ல. அவர் உயிரோட இருக்க வேணும்.”

அடுத்த நாள் வேலையில் சந்தடி இல்லாத நேரம் பார்த்து வெற்றி டாங்கின் மூடியைக் கழற்றினான். விளக்கை உள்ளே இறக்கி நிதானமாகப் பார்த்தான். உள்ளே எங்கும் குழி இல்லை, துரு இல்லை. வெல்டிங் வரிகள் வழவழவென்று இருந்தன. பாகைத் தவிர வேறு எதுவும் அதில் ஊற்றியதில்லை என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். காரம் விட்டு ஒருமுறை, சிட்ரிக் அமிலம் விட்டு ஒருமுறை கழுவிவிட்டால் அதில் எதை வேண்டுமானாலும் காய்ச்சிக் குடிக்கலாம். உள்ளே கொஞ்சம் குறை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். நல்ல பாத்திரத்தைப் பார்த்து அப்படி நினைத்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வீட்டில் மனைவி அஸ்வினியிடம் சொன்னான். அவள் குக்கரை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“குடிக்கிறத நிறுத்துங்கண்ணேன்னு நேராச் சொல்ல வேண்டியதுதானே?”

“நான் எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது? நானுந்தானே கூட உக்காந்து குடிச்சேன். வரும்போது ரெண்டு பாட்டில் வீட்டுக்கும் எடுத்துட்டு வந்தேன்.”

“அப்ப பொய் சொல்லிட்டு, அடுத்த மாசமும் அவர் வீட்டுக்குப் போயி உக்காருவீங்களா?”

அவள் சொன்னது சரி என்றும் தெரிந்தது. தன்னால் அப்படி நேராகச் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில், மதிய இடைவேளையில் இருவரும் டாங்கின் முன்னால் நின்றார்கள். பெரிய இயந்திரங்களை ஏற்கனவே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். கட்டடம் பாதிக்கு மேல் காலி. பேசினால் எதிரொலித்தது.

“அண்ணே, இது நமக்கு வேண்டாம்.”

“ஏன்?”

“நீங்க லீவுல இருந்தீங்கள்ல, அப்ப பாய்லர் ரூம்ல பம்ப் ஒண்ணு போயிருச்சு. பாய்லர் தண்ணியில கலக்குற கெமிக்கல இதுல வச்சுத்தான் கலக்குனோம். அதனாலதான் அப்புறம் பாகுக்கு எடுக்கல.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் எந்த லீவைச் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. மகன் செத்ததற்கு எடுத்த லீவு. அந்த நாட்களில் இங்கே நடந்ததை அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்ற கணக்கில்தான் அவன் வாய் அங்கே போயிருந்தது.

சோதிலிங்கம் அவனையே பார்த்தார். “கழுவினாப் போகாதோ?”

“எஃகு தாங்கும்ணே. ஆனா உள்ள வெல்டிங்ல அங்கங்க குழி விழுந்திருக்கு. அதுக்குள்ள போய் உக்காந்தது வெளிய வராது. குடிக்கிற பொருள் பாருங்க. எனக்கு மனசு ஒப்பல.”

அவர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, தலையையும் ஒரு தோளையும் டாங்குக்குள் விட்டார். வெளிச்சம் உள்ளே சுற்றிவருவது தெரிந்தது. அவருடைய விரல் நகம் எஃகின் மேல் மெதுவாகப் போகும் சத்தம் கேட்டது. வெல்டிங் வரியை அடியிலிருந்து மேல்வரைக்கும் தடவிக்கொண்டு வந்தார். சொல்லும்போதே வெற்றிக்கு நெற்றியில் வேர்த்துவிட்டிருந்தது. இப்போது தலையை வெளியே எடுப்பார், இதில் எங்கே குழி என்று கேட்பார், என்ன சொல்வது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

சோதிலிங்கம் இறங்கினார். டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டார்.

“ஓம், தம்பி,” என்றார். “குழி இருக்கு.”

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஸ்கிராப் லாரி வந்த அன்று, ஃபோர்க்லிஃப்டில் அப்படியே தூக்கி வைக்கலாம் என்று டிரைவர் சொன்னான். சோதிலிங்கம் கேட்கவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு, தானே கட்டரை எடுத்து டாங்கை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தார். வேறு யாராவது வாங்கி அதில் காய்ச்சிக் குடித்துவைத்தால் பாவம் என்றார். வெற்றி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். பிளந்து விழுந்த பாதியின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தது. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவருக்குக் கண் மங்கிவிட்டது, அதனால்தான் நம்பிவிட்டார் என்று அன்றிரவு அஸ்வினியிடம் சொன்னான்.

தொழிற்சாலை மூடியது. வெற்றிக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. சோதிலிங்கம் வேறு வேலை தேடவில்லை. அவன் போன் செய்தால் எடுத்து, நல்லா இருக்கிறன், நீர் சுகமோ என்று கேட்டு வைத்துவிடுவார். சனிக்கிழமை வரச்சொல்லி அழைப்பதில்லை. வாளி, குழாய், போத்தல் எல்லாவற்றையும் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டார் என்றும், குடியை அடியோடு விட்டுவிட்டார் என்றும் ரத்னா ஒருநாள் போனில் சொன்னாள். “உங்களுக்குப் புண்ணியம், தம்பி,” என்றாள். வெற்றி சந்தோஷப்பட முயன்றான். போகாமல் இருப்பதற்கு அவனுக்கும் வேலை நேரம், தூரம், டிராஃபிக் என்று காரணங்கள் இருந்தன.

ஆரணனின் மூன்றாவது திவசத்துக்கு ரத்னா அழைத்தாள். போகாமல் இருக்க முடியவில்லை. நாலைந்து குடும்பங்கள்தான் வந்திருந்தன. ஐயர் போய், சாப்பாடும் முடிந்து, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சோதிலிங்கம் மிகவும் மெலிந்திருந்தார். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. ஈரல் அவ்வளவு நல்லா இல்லை, ஆனால் இனிக் கெடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு பின்பக்கப் படிக்குப் போய் உட்கார்ந்தார். வேலிக்கு அப்பால் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“குடியை விட்டிட்டன்,” என்றார்.

“அக்கா சொன்னாங்கண்ணே.”

புல் வெட்டும் இயந்திரம் நின்று, மறுபடி ஓடியது.

“அந்த டாங்கில குழி இல்லை, தம்பி.”

வெற்றி தன் கைகளைப் பார்த்தான்.

“கெமிக்கலும் இல்லை. நான் லீவு முடிஞ்சு வந்த முதல் கிழமை அதின்ர அடி வால்வைக் கழட்டினது நான்தான். உள்ளுக்கு பாகு கருகிக் கட்டியாக் கிடந்தது. சுரண்டி எடுத்தனான்.”

“அப்புறம் ஏண்ணே குழி இருக்குன்னு சொன்னீங்க?”

“நீர் வேர்த்துப்போய் நிண்டீர். உமக்குப் பொய் சொல்ல வராது. அப்பிடிப்பட்ட ஆளையே பொய் சொல்ல வைக்கிற அளவுக்கு நான் வந்திட்டன் எண்டு உள்ளுக்குத் தலையை விட்டுக்கொண்டு நிக்கேக்கைதான் விளங்கினது. வெளியில வந்து வேற என்னத்தைச் சொல்லுறது?”

“அந்த லீவச் சொன்னது தப்புண்ணே. அத நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“ஓம்,” என்றார் சோதிலிங்கம். “அது நொந்தது.”

வெற்றி மன்னிப்புக் கேட்டான். அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா, போதும் என்றாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ரத்னாவோ கேட்டவள்?” என்றார்.

வெற்றி பதில் சொல்வதற்குள் பின்னால் கதவருகிலிருந்து குரல் வந்தது. “நான்தான் கேட்டனான்.” தேநீர்த் தட்டுடன் ரத்னா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியாது.

அவர் கோபப்படவில்லை. “நல்லதுதான் செய்தனீ,” என்றார். பிறகு வேலியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கராஜில நான் குடிக்கிறதுக்கு மட்டும் போய் இருக்கேல்ல. அவனோட கதைப்பன். தண்ணிச் சூடு எத்தினை, ஹாப்ஸ் எப்ப போடுறது, ஏன் இந்தத் தரம் கலங்கி இருக்குது எண்டெல்லாம் கேப்பன். அவன் இருக்கேக்கை ஒருநாளும் கேக்கேல்ல. ‘அப்பா, கம் அண்ட் ஸீ’ எண்டு கூப்பிடுவான். நான் டிவி பாத்துக்கொண்டு, நாளைக்கு வாறன் எண்டு சொல்லுவன். பெரிய டாங்க் வந்தால் நாள் முழுக்க வேலை இருக்கும், நாள் முழுக்கக் கதைக்கலாம் எண்டு நினைச்சன்.” நிறுத்தினார். “இப்ப குடியை விட்டிட்டன். அவனோட கதைக்கிறதும் விட்டுப்போச்சு.”

ரத்னா தட்டைப் படியில் வைத்தாள். தட்டு சாய்ந்து தேநீர் சிந்தியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“எனக்குச் சொல்லேல்லையே,” என்றாள். “என்ர முகத்தைப் பாக்க விருப்பமில்லாமல்தான் அங்கை போய் இருக்கிறியள் எண்டு நினைச்சன். மூண்டு வருஷமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்.”

“உன்ர முகத்தில அவன் இருக்கிறான்.”

“அப்ப பாத்திருக்கலாமே. எனக்கு மட்டும் ஆர் இருக்கினம், அவனைப் பற்றிக் கதைக்க?”

அவள் அவருக்குக் கீழ்ப் படியில், புடவை ஈரமாவதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள். வெற்றி எழுந்து, காலியான கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனான். அவனை யாரும் இரு என்று சொல்லவில்லை.

சமையலறையில் குழாயைத் திறந்து பாத்திரங்களைக் கழுவினான். இரண்டு வருடம் இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். அந்தப் பையன் எப்படிச் சிரிப்பான், எங்கே வேலை பார்த்தான் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் தன்னிடமாவது சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் அந்தப் பொய்க்கே வேலை இருந்திருக்காது என்று தோன்றியது. நிச்சயமாகச் சொல்லவும் முடியவில்லை.

ஜன்னல் வழியாக ரத்னாவின் குரல் கேட்டது. “நாளைக்கு வாறன் எண்டு சொன்னால் அவன் என்ன சொல்லுவான்?”

பிறகு சோதிலிங்கம் பேச ஆரம்பித்தார். நடுவில் குரல் உடைந்து நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடர்ந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்காமலிருக்க வெற்றி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான். கடைசி கிளாஸையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் முன்வாசல் வழியாக வெளியே வந்து காரை எடுத்தான்.